மூரியோடொண்டஸ் இண்டிகஸ்: கோதாவரிப் படுகையின் நன்னீர்ச் சுறா

மூரியோடொண்டஸ் இண்டிகஸ் என்பது ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியில், இன்றைய தெலங்கானாப் பகுதியின் ஆறுகளிலும் அவற்றை ஒட்டிய நீர்நிலைகளிலும் வாழ்ந்து அழிந்துபோன ஒரு சுறா இனமாகும். இதன் முழு உடல் கிடைத்ததில்லை. பிராணஹிதா–கோதாவரிப் படுகையில் உள்ள மலேரிப் பாறைகளில் கிடைத்த மிகச் சிறிய பற்களைக் கொண்டே இது அறியப்படுகிறது. கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். எல். ஜைன் 1980-இல் இதற்கு ஜெனகாந்தஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். 2010-இல் கின்டர், ஹாம்பே, டஃபின் ஆகிய மூவரும் மூரியோடொண்டஸ் என்ற புதிய பேரினத்தை ஏற்படுத்தியபோது இந்த இனம் அதற்கு மாற்றப்பட்டது. மலேரி என்பது பழைய அடிலாபாத் மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். மலேரியாக் காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கடற்கரையில் எழும் ஒரு கேள்வி

இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையில் சுறாவை அறியாத பிள்ளைகள் இல்லை. பால்சுறா, கொம்பன் சுறா, வேளா, உழுவை, திருக்கை என்று கரைக்கு வரும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுவார்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இருந்து வந்த மாணவர்களுக்கு நான் பாடம் நடத்திய காலத்தில், பாடநூலின் படத்தைவிட அவர்கள் சொல்லும் விவரம் துல்லியமாக இருந்ததுண்டு. 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையகம் பின்னர் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் அதன் மையம் இன்றும் இயங்குகிறது. சுறாவும் திருக்கையும் அங்கே அன்றாட ஆய்வுப் பொருள்கள்.

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவருக்குச் சுறா என்றால் கடல். ஆகவே ஒரு பாறையில் சுறாப் பல் கிடைத்தால், "அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது" என்று உடனே எழுதிவிடத் தோன்றும். தேர்வு விடைத்தாள்களிலும் நாளிதழ்ச் செய்திகளிலும் இந்த முடிவைப் பலமுறை காணலாம். பல இடங்களில் இது சரியாகவும் இருக்கும். மலேரிப் பற்களுக்கு மட்டும் இது பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

பற்கள் மட்டும் எஞ்சுவது ஏன்?

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. நம் காது மடலிலும் மூக்கின் நுனியிலும் உள்ள அதே வகைப் பொருள்தான். இறந்த சுறாவின் குருத்தெலும்பு விரைவில் சிதைந்துவிடும். சேற்றில் புதைந்து கல்லாக மாறும் வரை அது தாக்குப்பிடிப்பது அரிது. பல் அப்படியன்று. அதன் மேற்பூச்சு சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் செறிந்த மிகக் கடினமான பொருள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் கூர்மை கூட மாறாமல் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மனிதனுக்கு வாழ்நாளில் இருமுறைதான் பல் முளைக்கிறது. சுறாவின் தாடையில் பற்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். முன்வரிசைப் பல் விழுந்தால் பின்வரிசைப் பல் முன்னே நகர்ந்து வரும். ஒரே சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கக்கூடும். ஆகவே ஓர் இடத்தில் நூறு பற்கள் கிடைத்தால் நூறு சுறாக்கள் அங்கே செத்தன என்று பொருளில்லை. உயிரோடு திரிந்த சில சுறாக்கள் உதிர்த்தவையாகவே இருக்கலாம். இது ஒரு வகையில் ஆய்வாளருக்கு நல்லது. செத்த உடலை வெள்ளம் வெகுதூரம் அடித்துச் செல்லலாம். உதிர்ந்த பற்கள் பலவும் அந்த விலங்கு நடமாடிய நீரின் அடியிலேயே தங்கியிருக்கும்.

ஹிஸ்லாப் திரட்டிய பற்கள்

மலேரியில் பல் தேடிய வரலாறு 1980-க்கு வெகு முன்பே தொடங்குகிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து நாகபுரியில் சமயப் பணியும் கல்விப் பணியும் செய்த ஸ்டீபன் ஹிஸ்லாப், ஓய்வு நேரங்களில் பாறைகளையும் புதைபடிவங்களையும் தேடி அலைந்தவர். நாகபுரியில் உள்ள ஹிஸ்லாப் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது. அவரும் அவருடைய தோழர் ராபர்ட் ஹண்டரும் திரட்டியவை மத்திய இந்தியாவின் நிலவியலுக்கு அடித்தளமாக அமைந்தன. 1863-இல், பெருங்கற்காலச் சின்னங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், வெள்ளம் பெருகிய ஓர் ஓடையைக் கடக்கும்போது ஹிஸ்லாப் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 46 கூட நிறையவில்லை.

மலேரியில் கிடைத்த விசித்திரமான சில பற்களை, 1851-இல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர் தாமஸ் ஓல்டாம் 1859-இல் விவரித்து வெளியிட்டார். சேவலின் கொண்டையைப் போல மேடும் பள்ளமுமாக இருந்த அகன்ற பற்தட்டுகள் அவை. செரட்டோடஸ் என்ற பேரினத்தில் அவற்றைச் சேர்த்து, ஹிஸ்லாப், ஹண்டர் இருவரின் பெயராலும் இனங்களுக்குப் பெயரிட்டார்.

இங்கே ஒரு சுவையான திருப்பம் உண்டு. செரட்டோடஸ் என்ற பெயரை முதலில் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த லூயி அகாசிஸ். 19-ஆம் நூற்றாண்டில் புதைபடிவ மீன்களை அவர் அளவுக்கு அறிந்தவர் யாரும் இல்லை. ஐரோப்பாவில் கிடைத்த இத்தகைய பற்தட்டுகளைப் பார்த்த அவர், சிப்பிகளை நொறுக்கித் தின்னும் ஒருவகைச் சுறாக்களோடு அவற்றைச் சேர்த்தார். உடல் இல்லை, பல் மட்டுமே இருக்கிறது. சுறா என்று கருத இடமிருந்தது. பிறகு 1870-இல், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆறுகளில் வாழும் ஒரு பெரிய மீன் சிட்னி அருங்காட்சியகத்தின் ஜெரார்ட் கிரெஃப்டின் கைக்கு வந்தது. வாயைத் திறந்து பார்த்தால், அகாசிஸ் வரைந்து காட்டிய அதே பற்தட்டுகள்! அந்த மீன் சுறா இல்லை. காற்றைச் சுவாசிக்கும் நுரையீரல் மீன். அது வாழ்வதோ நன்னீரில்.

சுறா என்று கருதப்பட்ட பல், இவ்வாறு ஆற்று மீனின் பல்லாக மாறியது. மலேரியின் வரலாற்றில் இது முக்கியமான திருப்பம் என்பது என் கருத்து. ஏனெனில் அதன் பிறகு மலேரிப் பாறைகளை யாரும் கடற்பாறைகளாக எண்ணவில்லை. உண்மையான சுறாவின் பற்கள் அதே பாறைகளில் கிடைத்தபோது, அவற்றை வைத்துக் கடலைக் கற்பனை செய்ய இடமே இருக்கவில்லை.

ஒரே விலங்குக்கு மூன்று பெயர்கள்

மலேரிச் சுறா ஜெனகாந்தஸ் குழுவைச் சேர்ந்தது. இந்தக் குழுவுக்குப் பெயர் வந்த கதையும், துண்டு துண்டாகக் கிடைக்கும் பொருள்களை வைத்து ஒரு விலங்கை அறிவதில் உள்ள சிக்கலைக் காட்டுகிறது. 1837-இல் அகாசிஸ் ஒரு முள்ளைக் கண்டு அதற்குப் புளூரகாந்தஸ் என்று பெயரிட்டார். 1843-இல் இரட்டைக் கூர்முனை உள்ள பற்களுக்கு டிப்ளோடஸ் என்றார். 1848-இல் ஜெர்மனியின் பெய்ரிக் ஒரு முழு உடலின் புதைபடிவத்துக்கு ஜெனகாந்தஸ் என்று பெயரிட்டார். அந்த முள், அந்தப் பல், அந்த உடல் மூன்றும் ஒரே வகை விலங்குக்கு உரியவை என்பது பின்னர்தான் தெளிவானது. முதல் பெயர் ஏற்கெனவே ஒரு வண்டுக்கும், இரண்டாவது பெயர் ஒரு கடல் மீனுக்கும் வழங்கி வந்ததால் மூன்றாவது பெயரே நிலைத்தது.

ஐரோப்பாவின் பெர்மியன் கால ஏரிப் படிவுகளில், நுண்ணிய சேறு மூடிக்கொண்டதால் இவற்றின் முழு உடல்கள் அருமையாகப் பதிந்துள்ளன. அவற்றிலிருந்து நாம் அறிவது: உடல் விலாங்கைப் போல நீண்டது. முதுகுத் துடுப்பு உடலின் நீளம் முழுவதும் ஓடியது. தலையின் பின்புறத்திலிருந்து ஒரு நீண்ட முள் நீட்டிக்கொண்டிருந்தது. சில வகைகள் ஒரு மீட்டரைக்கூட எட்டாதவை. ஆர்த்தகாந்தஸ் போன்றவை இரண்டு, மூன்று மீட்டர் வளர்ந்தவை. நம் கடற்கரைச் சுறாவை மனத்தில் வைத்து இதைக் கற்பனை செய்தால் பிழையாகிவிடும். இன்றுள்ள சுறாக்களின் நேரடி முன்னோர்களும் இவை அல்ல; சுறாக் கூட்டத்திலிருந்து வெகு முன்பே பிரிந்துபோன ஒரு கிளை. இதனால் சிலர் இவற்றைச் சுறா என்றே அழைக்கத் தயங்குவார்கள். ஆய்வு இலக்கியத்தில் "நன்னீர்ச் சுறா" என்ற பெயர் நிலைபெற்றுவிட்டதால் இங்கேயும் அதையே பயன்படுத்துகிறோம்.

இவை என்ன தின்றன என்பதற்கு ஜெர்மனியில் ஓர் அரிய சான்று கிடைத்தது. 2008-இல் வெளியான ஆய்வொன்றின்படி, டிரையோடஸ் என்ற சிறிய ஜெனகாந்தச் சுறாவின் வயிற்றில் தவளைகளின் தொலைதூர உறவினமான இரண்டு நீர்நில வாழ்வன இருந்தன. அவற்றில் ஒன்றின் வயிற்றில் ஒரு மீன் இருந்தது. மீனைத் தின்றதைச் சுறா தின்றது. மூன்றும் ஒரே ஏரியில் கல்லாயின.

புள்ளியியல் நிறுவனமும் புதைபடிவங்களும்

ஹிஸ்லாப் காலத்துக்குப் பிறகு மலேரியில் ஊர்வனவற்றின் எலும்புகள் சில கிடைத்தன. 1885-இல் ரிச்சர்ட் லிடெக்கர் முதலை போன்ற ஒரு விலங்குக்குப் பாராசுகஸ் ஹிஸ்லோப்பி என்று பெயரிட்டார். அதன் பிறகு வெகுகாலம் பெரிய முயற்சி நடைபெறவில்லை.

மாற்றம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பி. சி. மகலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர். கணக்கியல் நிறுவனத்துக்கு டைனோசர் எலும்பில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அளவீடு செய்யத்தக்க எந்த அறிவியலும் தம் நிறுவனத்துக்கு உரியதே என்ற பரந்த பார்வை அவருக்கு இருந்தது. 1957-இல் அவருடைய அழைப்பின்பேரில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பமேலா ராபின்சன் இந்தியா வந்தார். அவருடைய வழிகாட்டலில் இளம் இந்திய ஆய்வாளர்கள் பிராணஹிதா–கோதாவரிப் படுகையில் களப்பணியைத் தொடங்கினர். அதன் புகழ்பெற்ற விளைவு பாராபாசாரஸ் டாகோரி என்ற பெரிய டைனோசர். தாகூரின் நூற்றாண்டையொட்டி அவர் பெயர் சூட்டப்பட்ட அதன் எலும்புக்கூட்டைக் கொல்கத்தாவில் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

டைனோசரின் நிழலில் மற்றவை மறைந்துவிடுவது வழக்கம். எஸ். எல். ஜைன் டைனோசர் ஆய்விலும் பங்கேற்றவர். ஆனால் அவருடைய நீண்டகால ஈடுபாடு மீன்களில் இருந்தது. மலேரிச் செஞ்சேற்றுப் பாறைகளில் கிடைத்த சிறு பற்களை அவர் ஆராய்ந்தார். பல்லின் இரு ஓரங்களிலும் உயரமான இரண்டு கூர்முனைகள், நடுவே அவற்றைவிடச் சிறிய ஒன்று, அடியில் ஒரு தட்டையான வேர்ப்பகுதி, அதன்மேல் பொத்தானைப் போல ஒரு புடைப்பு. இந்த அமைப்பு ஜெனகாந்தச் சுறாவுக்கே உரியது. 1980-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே "நன்னீர்" என்ற சொல் இடம்பெற்றிருந்தது.

நன்னீர் என்று எப்படிச் சொன்னார்கள்?

பல்லைக் கையில் வைத்துப் பார்த்தால் அது உப்புநீரைச் சேர்ந்ததா நன்னீரைச் சேர்ந்ததா என்று தெரியாது. அது யாரோடு கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். மலேரிப் பாறையில் பல்லோடு கிடைப்பவை நுரையீரல் மீனின் பற்தட்டுகள், ஆற்று மட்டி வகைகள், பெரிய நீர்நில வாழ்வன, பாராசுகஸ், தரையில் மேய்ந்த ஹைபரோடாபிடான். மலேரியில் கிடைத்த இரண்டு பாராசுகஸ் எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் மலேரிசாரஸ் என்ற ஊர்வனவற்றின் எலும்புகள் இருந்ததைச் சங்கர் சாட்டர்ஜி எடுத்துக்காட்டினார். இவை எல்லாம் ஆறும் ஆற்றங்கரையும் சார்ந்த உயிர்கள். பாறையோ வெள்ளப் பெருக்கில் படிந்த செஞ்சேறும் ஆற்று மணலும். கடலுக்கே உரிய பவளம், அம்மோனைட், கடல்முள்ளி எதுவும் அங்கே இல்லை.

இதை நம் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டோடு ஒப்பிட்டால் தெளிவாகும். அரியலூர், புதுச்சேரிப் பகுதிகளில் கிரெட்டேசியஸ் காலச் சுறாப் பற்கள் கிடைக்கின்றன. காய், கன்லிஃப் ஆகிய இருவர் திரட்டிய மீன் எச்சங்களை இங்கிலாந்தின் பிலிப் எகர்டன் 1845-இலேயே ஆராய்ந்தார். அந்தப் பற்களின் பக்கத்தில் அம்மோனைட்டுகளும் கடற்சிப்பிகளும் குவியலாக உள்ளன. ஆகவே அங்கே கடல் இருந்தது என்ற முடிவு சரியானது. ஆனால் அதே பகுதியில் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லான மரம் ஒன்று கிடக்கிறது. பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவரான எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை அறிவித்தார். மரம் கிடைத்தது என்பதால் சாத்தனூர் அப்போது காடாக இருந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. அது கிடப்பது கடற்படிவின் நடுவே. ஆற்று வெள்ளம் அடித்துக் கொண்டுவந்து கடலில் சேர்த்த மரம். சாத்தனூரில் கடலுக்குள் மரம், மலேரியில் ஆற்றுக்குள் சுறா. இரண்டு இடத்திலும் தீர்ப்புச் சொல்வது பக்கத்தில் கிடக்கும் மற்ற பொருள்களே.

வேதியியலும் இப்போது உதவிக்கு வந்துள்ளது. ஆற்று நீரிலும் கடல் நீரிலும் ஆக்சிஜன், ஸ்டிரான்சியம் ஆகியவற்றின் ஐசோடோப்பு விகிதம் வேறுபடும். பல் உருவாகும்போது அந்த விகிதம் பல்லில் பதிந்துவிடுகிறது. ஐரோப்பிய ஏரிப் படிவுகளில் கிடைத்த ஜெனகாந்தச் சுறா, ஹைபோடஸ் வகைச் சுறா ஆகியவற்றின் பற்களை இவ்வாறு ஆராய்ந்தவர்கள், அவை நன்னீரில் உருவான பற்கள் என்ற முடிவுக்கு வந்துள்ளனர்.

வந்துபோனதா, வாழ்ந்ததா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். கடற்சுறா ஒன்று ஆற்றுக்குள் சிலகாலம் வந்துபோயிருக்கக் கூடாதா? வேளா மீன் கழிமுகத்திலும் ஆற்றிலும் ஏறி வருவது தெரிந்ததுதானே?

மறுப்புக்கு வலுச் சேர்க்கும் நிகழ்வும் உண்டு. மத்திய அமெரிக்காவின் நிகராகுவா ஏரியில் சுறாக்கள் உள்ளன. அவை ஏரியிலேயே அடைபட்டு வாழும் தனி இனம் என்று 1877-இல் தனிப் பெயரே கொடுத்தார்கள். 1960-களில் டாமஸ் தார்சன் அவற்றைப் பிடித்து அடையாள வில்லை கட்டி விட்டுப் பார்த்தார். சான் ஹுவான் ஆற்றின் வழியாக அவை கடலுக்கும் ஏரிக்கும் போய்வந்தன! உலகின் பல வெதுவெதுப்பான கடல்களில் உள்ள காளைச் சுறாவே அது. தனி இனம் என்ற கருத்து கைவிடப்பட்டது. நம் கங்கைச் சுறாவும் 1839-இலேயே கங்கையின் பெயரோடு அறிவியலில் பதிவானது. ஆனால் 2016-இல் மும்பை சசூன் துறைமுகத்தில் ஒன்று கரைக்கு வந்தது. அது பிடிபட்டது அரபிக்கடலில்.

உப்புநீரிலிருந்து நன்னீருக்கு மாறுவது சுறாவுக்கு எளிதன்று. கடற்சுறா தன் உடலில் யூரியாவைத் தேக்கி வைத்து, உடல்நீரைக் கடல்நீரின் செறிவுக்கு ஈடாக வைத்துக்கொள்கிறது. சுறாக் கருவாட்டில் அடிக்கும் நெடி இந்த யூரியா சிதைவதால் வருவதே. அதே உடலோடு ஆற்றுக்குள் புகுந்தால் வெளிநீர் உடலுக்குள் பாயும். காளைச் சுறா யூரியாவைக் குறைத்துக்கொண்டு, நீர்த்த சிறுநீரை மிகுதியாக வெளியேற்றிச் சமாளிக்கிறது. அமேசான் ஆற்றின் திருக்கைகளோ யூரியாவைத் தேக்கும் வழக்கத்தையே இழந்துவிட்டன. அவை இனிக் கடலுக்குத் திரும்ப இயலாத, முழுமையான ஆற்றுவாசிகள். ஆகவே இரு வழிகளும் இயற்கையில் உண்டு. பழங்காலச் சுறா இவற்றில் எந்த வழியில் போனது?

விடைக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுசெல்வது கிர்கிஸ்தானின் மடிகன் என்ற இடம். கடலிலிருந்து வெகுதொலைவில் இருந்த டிரையாசிக் கால ஏரியின் படிவு அங்கே உள்ளது. அதில் சுறாக்களின் முட்டைக் கூடுகளும் குஞ்சுகளின் பற்களும் சேர்ந்து கிடைத்ததை 2011-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளர்ந்த இடம் அது. வழிதவறி வந்தவை அங்கே முட்டைக் கூடுகளையும் குஞ்சுகளின் பற்களையும் சேர்த்து விட்டுச் செல்லா. மலேரியில் முட்டைக் கூடு இல்லை என்றாலும், அதே காலத்துச் சுறாக்கள் நன்னீரில் தலைமுறை நடத்தின என்பதற்கு மடிகன் சாட்சியாக நிற்கிறது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும் என்றால், ஒரு பெரிய வாதம் இதன்மேல் நிற்கிறது. மூரியோடொண்டஸ் பேரினத்தின் பெயருக்குக் காரணமான இனம் இங்கிலாந்தின் டிரையாசிக் பாறைகளில் கிடைத்தது. மலேரியின் ஹைபரோடாபிடானுக்கு ஸ்காட்லாந்திலும் பிரேசிலிலும் உறவினங்கள் உள்ளன. கடலில் நீந்தக்கூடிய விலங்கு என்றால் எங்கும் பரவியிருக்கலாம், அதில் வியப்பில்லை. கடலைத் தாண்ட இயலாத ஆற்றுச் சுறாவும் தரையில் மேய்ந்த ஊர்வனவும் இத்தனை தொலைவில் ஒத்திருப்பதற்கு, அக்காலத்தில் கண்டங்கள் பாஞ்சியா என்ற ஒரே நிலமாக இணைந்திருந்ததே தக்க விளக்கம். நம் கடற்கரையில் பழைய நிலம் பற்றிப் பேச்செடுத்தால் குமரிக் கண்டம் உடனே வந்துவிடும். காலக் கணக்கை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: இங்கே பேசப்படுவது 22 கோடி ஆண்டுகள்; மனித இனம் தோன்றியே சில இலட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன.

மலேரிக்குப் பிறகு

இத்தகைய பற்களைத் தேடும் முறையும் மாறியுள்ளது. பாறை வெட்டிப் பெரிய எலும்பு தேடுபவர் கண்ணில் ஒரு மில்லிமீட்டர் பல் படாது. களிமண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, நுண்ணிய சல்லடையில் அலசி, எஞ்சியதை நுண்நோக்கியின் கீழ் மணிமணியாகப் பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலைதான். மூட்டைக் கணக்கில் செய்ய வேண்டும்.

இந்த முறையில் கோதாவரிப் படுகையின் கோட்டாப் பாறைகளிலிருந்து, ஜுராசிக் காலத்தைச் சேர்ந்த லோன்கிடியான் இண்டிகஸ் என்ற வேறுவகை நன்னீர்ச் சுறாவை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பி. யாதகிரி 1986-இல் விவரித்தார். இது ஹைபோடஸ் குழுவைச் சேர்ந்தது. இரையைக் கிழிப்பதற்கு மாறாக நொறுக்குவதற்கேற்ற தாழ்ந்த பற்களை உடையது. மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் மாவட்டத்தில் உள்ள டிக்கிப் பாறைகள் இன்னும் வளமானவை. 2018-இல் முகமது ஷஃபி பட், சங்கமித்ரா ராய், பி. எம். தத்தா ஆகியோர் அங்கிருந்து புதிய சுறாக்களை வெளியிட்டனர். அவற்றில் ஒன்று டிக்கியோடொண்டஸ். மற்றொன்று ஜைனின் பெயரைத் தாங்கிய மூரியோடொண்டஸ் ஜைனி.

ஜெனகாந்தச் சுறாக்கள் டிரையாசிக் காலத்தோடு மறைந்தன. ஹைபோடஸ் வகையினர் டைனோசர்களின் கடைசிக் காலம் வரை நீடித்தனர். ஏன் ஒன்று போய் மற்றொன்று நின்றது என்பதற்கு ஒருமித்த விளக்கம் இல்லை. டிரையாசிக் முடிவில் நேர்ந்த எரிமலைப் பெருக்கும் தட்பவெப்ப மாற்றமும் பல உயிர்களை அழித்தன. ஆறு, ஏரி என்ற குறுகிய வாழிடத்தில் இருந்தவற்றுக்குத் தப்பிச் செல்ல இடமில்லை என்பது ஏற்கத்தக்க காரணமாகத் தோன்றுகிறது.

மலேரிக்கு அருகிலேயே, ஆசிபாபாத் பகுதியில், தக்காண எரிமலைக் குழம்பின் இரு அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய மெல்லிய படிவு ஒன்று உள்ளது. டைனோசர் காலத்தின் இறுதியைச் சேர்ந்தது அது. அங்கே கிடைத்த திருக்கைப் பற்களுக்கு ஜி. வி. ஆர். பிரசாத், ஹென்றி கப்பெட்டா ஆகியோர் 1993-இல் இக்டாபாட்டிஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டனர். அந்தப் படிவில் ஆற்று உயிர்களின் எச்சங்களும் உள்ளன. கடலின் ஒரு கை அவ்வளவு தூரம் உள்நாட்டுக்குள் நீண்டிருந்தது என்கின்றனர் சிலர். திருக்கைதான் ஆற்றுக்குள் ஏறி வந்தது என்கின்றனர் வேறு சிலர். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.